ரேஸ் படகுக்கு உலோக ப்ரொப்பெல்லர்: எதைப் பார்த்து எடுப்பது

ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் மாடல் ரேஸ் படகுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். என் முதல் மோனோ படகு, அதாவது ஒற்றை உடல் படகு, பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லரோடுதான் (சுருக்கமாக ப்ராப்) ஓடியது. ஒரு நாள் முழு வேகத்தில் போகும்போது ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றை இறக்கையோடு அது சுற்றியது இரண்டு விநாடிகூட இருக்காது. அந்த நடுக்கத்திலேயே, ஷாஃப்டைப் பின்னால் தாங்கும் ஸ்ட்ரட்டின் ஸ்க்ரூக்கள் தளர்ந்து, பின்பலகையில் விரிசல் விழுந்து, படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. உடனே உலோகத்துக்கு மாறினேன். கிடைத்ததிலேயே கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ராப். மூன்றாவது ஓட்டத்தில் மிதந்து வந்த மரத்துண்டில் மோதினேன். ப்ராப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் ப்ராப்பை மாட்டும் குட்டைத் தண்டான ஸ்டப் ஷாஃப்ட் வளைந்திருந்தது. உள்ளே மோட்டாரின் சுழற்சியை ஷாஃப்டுக்குக் கொண்டுவரும் ஃபிளெக்ஸ் கேபிள் முறுக்குப் பிரிந்து கிடந்தது.

அன்றிலிருந்து உலோக ப்ராப்பைத் தனியாக எடைபோடுவதை விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் ப்ராப் அடி வாங்கினால் தானே உடைந்து மற்றதைக் காப்பாற்றும். உலோக ப்ராப் அவ்வளவு எளிதில் உடையாது. வாங்கிய அடியை அப்படியே ஷாஃப்டுக்கும் கேபிளுக்கும் கொடுத்துவிடும். அதனால் எந்த உலோகம், எந்த அளவு என்று கேட்கும்போதே, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

முதலில் இந்தச் சின்னப் பொருள் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம். ரேஸ் படகில் ப்ராப் முழுதாக நீரில் மூழ்கி ஓடுவதில்லை. படகு எழும்பி ஓடும்போது பாதி ப்ராப் நீருக்கு மேலே இருக்கும். ஒவ்வொரு இறக்கையும் ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து வந்து நீரை அறைந்து உள்ளே நுழைகிறது. நிமிடத்துக்கு 25,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 417 அறை. 40 மி.மீ. ப்ராப்பின் இறக்கை நுனி அப்போது மணிக்கு 188 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த அடி முழுவதும் போய்ச் சேரும் இடம் இறக்கை நடுவிலுள்ள ஹப்போடு சேரும் கழுத்து. ப்ராப் களைத்துப் போய் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். கடையில் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பதும் அந்தக் கழுத்தைத்தான். அங்கே வளைவு மெதுவாக, சதைப்பிடிப்போடு இறங்க வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல் கூர்மூலையாக இருந்தால் வேண்டாம். வார்ப்பு ப்ராப் என்றால் அந்த இடத்தில் ஊசித்துளை மாதிரி குழிகள் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எந்த உலோகம்

அலுமினியம் லேசானது. ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் கடைந்து வருவதால் இரண்டு இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், பேலன்ஸ் வேலை குறைவு. லேசான ப்ராப் ஷாஃப்டையும், ஷாஃப்ட் சுழலும் உறையான புஷ்ஷையும் அவ்வளவாகத் தேய்க்காது. சுத்தமான நன்னீரில் ஓடும் சிறிய, நடுத்தரப் படகுக்கு, முதல் உலோக ப்ராப்பாக இதைத் தாராளமாகப் போடலாம். குறை என்னவென்றால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். ஒரு கூழாங்கல் போதும், பல் விழுந்துவிடும். வளைந்துவிட்டால் நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்திய அலுமினியம் பார்க்க நன்றாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு. அதைத் திரும்ப மாட்டினால் ஓட்டத்தின் நடுவில் இறக்கை பறக்கும். அப்புறம் உப்பு நீர். ஸ்டீல் ஷாஃப்டோடு தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். கடலிலோ கழிமுகத்திலோ ஓட்டுபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பித்தளை அழகு. வேகம் குறைந்த, நிஜக் கப்பலைப் பார்த்துச் செய்த படகுகளுக்கு அது பொருந்தும். ரேஸுக்கு மென்மை அதிகம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையை நெடுநாள் வைத்திருக்கும். மணலும் சருகும் கலந்த கலங்கல் நீரில் ஓட்ட வேண்டியிருந்தால் என் கை அதற்குத்தான் போகும். ஆனால் அரம் அவ்வளவு எளிதாக ஏறாது, ஒரு ப்ராப்பைத் தீட்டி முடிக்க ஒரு மாலை முழுதும் போய்விடும். அதோடு நான் முன்பு சொன்ன விஷயம்: ஸ்டீல் விட்டுக்கொடுக்காது, ஷாஃப்ட்தான் விட்டுக்கொடுக்கும். மெல்லிய 4 மி.மீ. ஷாஃப்டில் ஸ்டீல் ப்ராப்பைப் போட எனக்கு மனம் வராது. 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ., அதற்குக் குறையாமல் இருந்தால் போடுங்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது பெரிலியம் செம்பு. ஆக்டுரா போன்ற பழைய ரேஸ் பெயர்களின் ப்ராப்கள் இந்த உலோகத்தில்தான் வார்க்கப்படுகின்றன. பித்தளையைவிடப் பல மடங்கு உறுதி, அதே சமயம் ஓரளவு வளைந்துகொடுக்கும். லேசாக வளைந்த இறக்கையை மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சரிசெய்து, கழுத்தில் விரிசல் இல்லை என்று உறுதிசெய்த பிறகு மறுபடி ஓட்டியிருக்கிறேன். தீட்டுவதும் ஸ்டீலைவிட எளிது.

ஆனால் இதில் ஒரு அபாயம் இருக்கிறது, தயவுசெய்து மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். பெரிலியம் கலந்த தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தீராத நோய் வரலாம். முழு ப்ராப்பைக் கையில் பிடிப்பதால், படகில் ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது. தேய்க்கும்போது எழும் தூள்தான் விஷம். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. சுழலும் கைமெஷினால் தீட்டவும் கூடாது. தொட்டியில் தண்ணீர் வைத்து, ப்ராப்பும் கையும் நனைந்திருக்க, வாட்டர் பேப்பரால் மட்டும் தேய்க்க வேண்டும். முகத்தோடு பொருந்தும், நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மேசையை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் தாளையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஊதித் துடைப்பது, பெருக்குவது இரண்டும் ஆகாது. வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையை நான் எடுப்பதே இல்லை. இவ்வளவு ஏற்பாடு முடியாது என்றால், தீட்டிப் பேலன்ஸ் செய்து தயாராக விற்கும் ப்ராப்பையே வாங்குங்கள், இல்லையேல் ஸ்டீலுக்குப் போய்விடுங்கள்.

எண்ணைப் படிப்பது

ஆக்டுராவின் எக்ஸ்440 என்றால் என்ன? கடைசி இரண்டு இலக்கம் விட்டம்: 40 மி.மீ. முதல் இலக்கம் பிட்ச் விகிதம்: 4 என்றால் 1.4. இரண்டையும் பெருக்கினால் பிட்ச் 56 மி.மீ., அதாவது நழுவாமல் திருகினால் ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் முன்னேறும். எக்ஸ்640 அதே விட்டம், பிட்ச் 64 மி.மீ. பின்னால் ஒரு சாய்கோடும் 3-உம் இருந்தால் மூன்று இறக்கை. மற்றவர்கள் 40x56 என்று நேராகவே விட்டத்தையும் பிட்ச்சையும் எழுதிவிடுவார்கள்.

இதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். 2000 கே.வி. மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று), 4 செல் லிப்போ பேட்டரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 14.8 வோல்ட்டால் பெருக்கினால் 29,600 சுற்று. அது சும்மா சுற்றும்போது. நீரில் சுமையோடு 25,000 வந்தால் நல்லது. 25,000 சுற்றை 56 மி.மீ.யால் பெருக்கி, 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 84 கி.மீ. நழுவலுக்கு 15 சதவீதம் கழியுங்கள், 71 கி.மீ. உங்கள் ஜி.பி.எஸ். இதைவிட மிகவும் குறைவாகக் காட்டினால் ப்ராப்பைக் குறை சொல்லும் முன் ஸ்ட்ரட்டின் உயரத்தையும் கோணத்தையும் பாருங்கள்.

அளவைக் கூட்டும்போது கவனம். ஒரே வடிவ ப்ராப்பில் தேவைப்படும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் படியாக ஏறும். 40-லிருந்து 42-க்குப் போனால் விட்டத்தில் 5 சதவீதம்தான் கூடுகிறது, அதே சுற்றில் கேட்கும் சக்தியோ ஏறத்தாழ 28 சதவீதம் கூடும். "ரெண்டு மில்லிமீட்டர்தானே" என்று மாட்டி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யை எரித்தவர்களை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாறும்போது இன்னொரு விஷயமும் சேர்கிறது. பிளாஸ்டிக் இறக்கை சுமையில் வளைந்து பிட்ச்சைக் கொஞ்சம் விட்டுவிடும். உலோகம் விடாது. அதே 40-ஐ உலோகத்தில் போட்டால் மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். அதனால் முதலில் ஒரு அளவு கீழே, 38-லிருந்து ஆரம்பியுங்கள்.

ஆரம்பிப்பது என்றால் ஒரு நிமிட ஓட்டம். கரைக்கு வந்ததும் மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி மூன்றின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க வேண்டும். லிப்போ 60 டிகிரி செல்சியஸைத் தொடக் கூடாது. மோட்டார் 80-க்குக் கீழே இருக்கட்டும், அதற்கு மேல் போனால் காந்தங்கள் வலுவிழக்கத் தொடங்கலாம். சூடு சரியாக இருந்தால் இரண்டு நிமிடம். பிறகு சார்ஜரில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு 2500 மில்லி ஆம்பியர் மணி ஏறினால், சராசரி 75 ஆம்பியர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டத்தில் ஆம்பியரைப் பதிவுசெய்யும் டேட்டா லாகர் இல்லாதவருக்கு இந்தக் கணக்கே போதும். திருப்பங்களிலும் கிளம்பும்போதும் இழுப்பது சராசரியைவிட நிறைய இருக்கும், இ.எஸ்.சி.யின் அளவை அதற்கேற்பப் பாருங்கள்.

மூன்று இறக்கையா, இரண்டா? மோனோ படகு வால் தாழ்ந்து ஓடினாலோ, திருப்பத்தில் பிடி விட்டுத் துள்ளினாலோ மூன்று இறக்கை அதை நிதானப்படுத்தும். ஆனால் அதே விட்டத்தில் அதிகச் சக்தி கேட்கும், ஆகவே 2 மி.மீ. குறைத்து எடுப்பேன். இரட்டை உடல் கொண்ட கேட்டமரானுக்கும், நீரை லேசாகத் தொட்டு ஓடும் ஹைட்ரோவுக்கும் (ஹைட்ரோபிளேன்) இரண்டே போதும். கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனது. ப்ராப் எண்களை எழுதி வைக்கும் என் நோட்டில் கட்டுமரம் என்றுதான் எழுதுகிறேன்.

பொருத்தம்

ரேஸ் ப்ராப்களின் ஹப்பில் முன்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். ஷாஃப்டில் இருக்கும் டிரைவ் டாக் என்ற பல் வைத்த வளையம் அதில் கடித்துக்கொண்டு சுழற்றும், பின்னால் நட் பிடித்துக்கொள்ளும். வெட்டும் பல்லும் ஆடாமல் பொருந்த வேண்டும். நடுத்துளையும் அப்படியே. 4.76 மி.மீ. துளையுள்ள ப்ராப்பை 4 மி.மீ. ஷாஃப்டில் மெல்லிய தகடு சுற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் ஸ்ட்ரட் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டது. துளை மாறினால் சரியான அளவில் கடைந்த ஸ்லீவ் போட வேண்டும், அது இல்லை என்றால் அந்த ப்ராப் உங்கள் படகுக்கானது அல்ல.

சுழலும் திசையையும் பாருங்கள். ஃபிளெக்ஸ் கேபிளின் முறுக்கு, சுமை ஏறும்போது இறுகும்படி இருக்க வேண்டும். எதிர்த்திசை ப்ராப்பை மாட்டி மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டால் கேபிள் பிரிந்துவிடும். கேபிள் சுமையில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஸ்ட்ரட்டுக்கும் டிரைவ் டாக்குக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இது இல்லாமல் ஓட்டி, ஸ்ட்ரட்டை டாக் அரைத்து, "புது ப்ராப் சரியில்லை" என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு.

போட்டிக்குப் போகிறவர்கள் வகுப்பு விதியையும் முன்பே படித்துவிடுங்கள். நாவிகா, இம்ப்பா, நாம்பா என்று அமைப்புக்கு அமைப்பு விதிகள் வேறு.

தீட்டலும் பேலன்ஸும்

வார்ப்பாக வரும் ப்ராப்பை அப்படியே ஓட்டக் கூடாது. முன்விளிம்பு, அதாவது சுழலும்போது முதலில் நீரைத் தொடும் விளிம்பு, வாங்கும்போது மொட்டையாக இருக்கும். அதைக் கூராக்க வேண்டும். தேய்ப்பது எப்போதும் இறக்கையின் முதுகுப்பக்கம், படகைப் பார்த்திருக்கும் குவிந்த பக்கம். நீரைப் பின்னால் தள்ளும் உட்பக்கத்தில் வடிவத்தை மாற்றாதீர்கள், மெருகு மட்டும் போதும். பின்விளிம்பு தடிமனாகவே இருக்கட்டும், அதைக் கூராக்க வேண்டியதில்லை.

ப்ராப்பை ஷாஃப்ட் அளவுக் கம்பியில் மாட்டி, கம்பியை வைஸில் பிடியுங்கள். ப்ராப்பை நேராக வைஸில் கடிக்க விடாதீர்கள். ஸ்டீல் என்றால் மெல்லிய அரத்தில் தொடங்கி, பிறகு 220, 400, 800 வாட்டர் பேப்பர். பெரிலியம் செம்பு என்றால் அரத்தை விட்டுவிட்டு முழுதும் ஈரத்தில்தான். விளிம்பு சரியாக வந்ததா என்று விரலால் பார்க்க வேண்டாம், வெட்டிவிடும். ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து விளிம்பின் மேல் நீளவாக்கில் இழுங்கள். பஞ்சு இழை எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. எங்கும் சிக்காமல் போனால் முடிந்தது.

இனி பேலன்ஸ். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு இறக்கை மற்றதைவிட 0.1 கிராம் கூடுதல், அந்த எடை மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 25,000 சுற்றில் அது ஷாஃப்டை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ 1 கிலோ எடைக்குச் சமம். விநாடிக்கு 417 முறை திசை மாறி மாறி இழுக்கும். புஷ் தேய்வது, ஷாஃப்ட் உடைவது, ஸ்க்ரூ தளர்வது எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

காந்தப் பேலன்ஸர் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் இரண்டு சவரப் பிளேடுகளை இணையாக, மட்டம் பார்த்து நிறுத்தி, அதன் மேல் ப்ராப் மாட்டிய நேரான கம்பியை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மூச்சுக் காற்றுக்கே அது அசையும். இறக்கைகளைப் படுக்கைவாட்டில் வைத்து விட்டதும் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கும். அதில் மார்க்கரால் ஒரு புள்ளி. அதன் முதுகில் 400 தாளால் பத்து இழுப்பு, கழுவி, துடைத்து, மறுபடி வையுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் பொய் சொல்லும். முதலில் பட்டென்று இறங்கியது பிறகு தயங்கி இறங்கும், அப்புறம் வைத்த இடத்தில் நிற்கும். நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இறக்கைகளைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் ஹப் அந்தப் பக்கம் கனமாக இருக்கிறது. அங்கே கொஞ்சம் தேய்க்க வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்டபடி நிற்கும் அந்த நிமிடம் எனக்கு இன்றும் பிடித்தமானது.

தீட்டிய உலோக ப்ராப் கத்திதான். பேட்டரியைக் கடைசியாக, படகை நீரில் விடும் முன்தான் இணையுங்கள். மேசையில் மோட்டாரைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் ப்ராப்பைக் கழற்றிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டர் அணைந்து, இ.எஸ்.சி. தவறாகப் புரிந்துகொண்டு ப்ராப் திடீரெனச் சுற்றியதை நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். கை பக்கத்தில் இல்லாததால் தப்பித்தோம். படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ப்ராப் உங்கள் உடலைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். கரையோரம் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அன்று ஓட்டாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து, கேபிளை வெளியே எடுத்து கிரீஸ் தடவுங்கள். ப்ராப்பின் கழுத்தைப் பூதக்கண்ணாடியில் ஒரு முறை பாருங்கள், தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் பெட்டியில் ஒவ்வொரு ப்ராப்பும் தனித்தனித் துணிப்பையில் இருக்கிறது. விளிம்புகளுக்கு நீளவாக்கில் கீறிய சிலிக்கான் குழாய்த் துண்டு மாட்டியிருப்பேன். பையின் மேல் அளவு, ஓட்டிய படகு, செல் எண்ணிக்கை, இரண்டு நிமிடத்துக்கு ஏறிய மில்லி ஆம்பியர், மோட்டார் சூடு ஐந்தையும் எழுதி வைக்கிறேன். அடுத்த ப்ராப் வாங்கும்போது முதலில் கையில் எடுப்பது அந்தப் பைகளைத்தான்.